கதவோரத்து எண்

தம்பி, உன் பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் என்று வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாய். இழுக்கும்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பின்னால் தங்குவதற்கான கேம்பரைக் கோத்து, முதுகில் ஏடிவி என்கிற நாலு சக்கர மண்பாதை வண்டியையும் ஏற்றிக்கொண்டு டென்வரிலிருந்து மொவாபுக்குக் கிளம்புகிறேன் என்கிறாயே, அதற்கு அந்த எண் போதாது. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். உன் வண்டிக்கு அது 1,600 பவுண்டு. இந்த எண்ணை எந்த விளம்பரத்திலும் பெரிதாகப் போட மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார். கேம்பர் தட்டுமுட்டு எல்லாம் சேர்த்து 7,000 பவுண்டு. அதில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கேம்பரைக் கோக்கும் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் கேம்பர் ரோட்டில் இடமும் வலமுமாக அலையும். பதின்மூன்று பங்கு என்று வைத்தாலே 910. ஏடிவி 750. இரண்டும் உன் வண்டி சுமக்கிற பாரம்தான், ஆக 1,660. இன்னும் நீ வண்டியில் ஏறவே இல்லை! உன் வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள், ஐஸ் பெட்டி, விறகு, ஹிட்ச்சின் இரும்பு எடை எல்லாம் இனிமேல்தான். பாரத்தைப் பகிரும் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது பாரத்தில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கும் கேம்பர் சக்கரத்துக்கும் தள்ளும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணை அது மாற்றாது.

பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகிப் பிடிமானம் குறையும். ராத்திரியில் உன் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

நீளத்தையும் டேப் வைத்து அள. உன் வண்டியின் பின்தட்டு ஐந்தரை அடி, ஏடிவி கிட்டத்தட்ட ஏழடி. பின்கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பங்கில் ஒடித்துத் திருப்பும்போதுதான் அந்தக் கதவின் மூலை கேம்பரின் முன்ஜாக்கில் போய் இடிக்கும். வீட்டு வாசலிலேயே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

ஏற்றும்போது சாய்வுப் பலகையைப் பட்டை போட்டு வண்டியோடு கட்டு. கட்டாத பலகையைச் சக்கரம் பின்னால் உதைத்துவிட்டால், ஏடிவி ஆளோடு மல்லாக்க விழும். இதில் மட்டும் அலட்சியம் கூடாது, சொல்லிவிட்டேன். மேலே ஏறியதும் நாலு மூலையிலும் ராட்செட் பட்டை. சில மைல் போனதும் நிறுத்தி இறுக்கிப் பார். முதல் குலுக்கலில் பட்டை தளரத்தான் செய்யும்.

நீ போகிற ஐ-70 சாலை சாதாரணமானது இல்லை. ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு எஞ்சின் போதும். சுரங்கம் தாண்டி சில்வர்தார்ன் வரை இறங்குகிறாயே, அங்கேதான் எடையின் குணம் தெரியும். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள். மேலேயே கியரைக் குறைத்துவிடு. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதே, சூடேறினால் அது பிடிக்காது. தண்ணீர்த் தொட்டியை மொவாபில் நிரப்பிக்கொள்; 40 கேலனே 330 பவுண்டு வரும்.

இந்த ஊரில் பாங்க்காரன் எவ்வளவு கடன் தருவான் என்று கேட்டுக்கொண்டு வீடு தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாசா மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்பது அவனவன் வீட்டுக் கணக்கு. அதைப் பாங்க்காரன் போட்டுத் தர மாட்டான். உன் வண்டிக் கதையும் அதேதான்.

என் வாய்க்கணக்கை நம்ப வேண்டாம். லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை உண்டு. எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களோடு போய் நிறுத்து. முன் அச்சு, பின் அச்சு, கேம்பர் அச்சு மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அதைக் கதவோரத்தில் போட்டிருக்கிற அச்சு எடை வரம்புகளோடு ஒப்பிட்டுப் பார்.

கூடினால் இரண்டு வழி. ஏடிவியைக் கூட வருகிற உன் சிநேகிதன் வண்டியில் ஏற்றிவிடு. அவன்தான் கேம்பர் இழுக்கவில்லையே. இல்லையென்றால் மொவாபிலேயே வாடகைக்கு எடு. அங்கே அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. வசந்தகாலத்தில் கூட்டம் அதிகம், இன்றைக்கே போன் போட்டுக் கேள்.