பெய்ட்ஸ என்றால் டம்ளர்

நான் சீன மொழி படிக்கிறேன் என்று தெரிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் கேட்டது, "அப்போ பாம்பு சூப் குடிப்பியா?" மீதிப் பேர் கேட்டது, "ஜாக்கி சான் படம் சப்டைட்டில் இல்லாம புரியுதா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. இரண்டாவதுக்கு உண்டு. அவருடைய பழைய ஹாங்காங் படங்களில் பேசுவது காண்டனீஸ், நான் படிப்பது மாண்டரின். காதால் கேட்டால் ஒன்று தெரிந்தவருக்கு இன்னொன்று விளங்காது. ஆகவே புரியவில்லை மக்களே, மன்னிக்கவும்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பவர்களுக்கு: என் ஊர் சேத்தியாத்தோப்பு பக்கம். குறுக்கு ரோட்டில் பஸ் மாறியவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும், கரும்பு லாரி பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கும். அந்தாண்டை உளுந்தூர்ப்பேட்டை சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலை வைக்க ஒரு தைவான் நிறுவனம் 2023-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. தைவானிலும் பேசுவது மாண்டரின்தான். "நாலு வார்த்தை தெரிஞ்சவளுக்கு அங்க மரியாதையே தனி" என்று தெருவில் ஒரு அண்ணன் சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது என்பது வேறு விஷயம். போனில் ஒரு ஆப், கொஞ்சம் யூடியூப், தம்பி பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டு. இவ்வளவுதான் முதலீடு.

சீன மொழிக்கு எச்எஸ்கே என்று ஒரு தேர்வு இருக்கிறது. 2010-ல் வந்த பாடத்திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொற்கள்தான். நாய், பூனை, ஆப்பிள், மேசை, நாற்காலி என்று எல்.கே.ஜி. சமாச்சாரம். அதில் எனக்கு முதலில் மனசில் ஒட்டிக்கொண்ட சொல் டம்ளர்.

பெய்ட்ஸ.

கொஞ்சம் பொறுங்கள், உடனே "பேய்" என்று ஆரம்பிக்காதீர்கள். ரோமன் எழுத்தில் இதை 'பி' போட்டு எழுதுவார்கள், அதாவது ஏபிசிடியில் இரண்டாவது எழுத்து. அதைப் பார்த்ததும் நாம் இங்கிலீஷ் புத்தியோடு 'பால்' (பந்து) என்று சொல்லும்போது வருகிற அந்த அதிர்கிற ஒலியைப் போடுவோம். அது தவறு. சீனக்காரர் சொல்வது நம்ம ஊர் பல்லு, பழம், படகு என்பதில் வருகிற சாதாரண ப. உதட்டில் அதிர்வும் இல்லை, காற்றும் இல்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பழம்" சொல்லிப் பாருங்கள், காற்று பெரிதாக அடிக்காது. அதேதான். ரோமன் எழுத்தில் 'பி' போட்டதும், 'டி' போட்டதும், 'ஜி' போட்டதும் சொல் முதலில் வரும் நம்ம ப, த, க வகைதான். காற்று ஊதிச் சொல்ல வேண்டியவை தனியாக வேற எழுத்தில் இருக்கின்றன. தமிழில் நாலு 'ப' இல்லையே என்று ஹிந்தி படித்தவர்கள் நம்மைக் கிண்டல் பண்ணுவார்களே, அவர்களுக்கு இந்த இடத்தில் நான் ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டேன்.

சொல்லின் முதல் பாதி அப்படியே நம்ம 'பெய்'. மழை பெய். பழைய தமிழில் பெய்தல் என்றால் ஒரு பாத்திரத்தில் ஊற்றுவது என்றும் பொருள் உண்டு. டம்ளர், ஊற்றுவது... ஆஹா என்று எனக்கும் தோன்றியது. இது சுத்தமான தற்செயல். இதை வைத்துக்கொண்டு சீனமே தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ஒலி சுலபம், ராகம்தான் கஷ்டம். மாண்டரினில் நாலு சுரம். டம்ளர் 'பெய்' முதல் சுரம்: குரலை மேலே தூக்கி வைத்து அசையாமல் நீட்ட வேண்டும், ரயில் ஊதுகிற மாதிரி. அதே 'பெய்ட்ஸ'வை நாலாவது சுரத்தில், மாட்டை அதட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே வெட்டிச் சொன்னால் அது போர்வை. டீக்கடையில் நின்று போர்வை கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. முன்னால் 'ஈ' (ஒன்று) சேர்த்து அதே நாலாவது சுரத்தில் சொன்னால் 'ஒரு ஆயுள்' என்று அர்த்தம். அதனால் காதலிக்கு டம்ளர் வாங்கிக் கொடுத்து, உன்னோடு ஆயுள் முழுக்க என்று சிலேடை அடிக்கும் பழக்கம் அங்கே உண்டாம். நம்ம ஊரில் கல்யாணத்துக்கு எவர்சில்வர் டம்ளர் செட் கொடுப்பவர்கள் இவ்வளவு யோசித்துக் கொடுப்பதில்லை.

பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ட்ஸ' இருக்கிறதே, அது தனியாக நின்றால் பிள்ளை என்று பொருள். பொருட்களின் பேருக்குப் பின்னால் வந்தால் பொருள் ஒன்றும் கிடையாது, சும்மா வால். மேசை, நாற்காலி, போர்வை எல்லாவற்றுக்கும் இந்த வால் உண்டு. எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. நாமும் தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்கிறோம். அவர்களுக்கு டம்ளர்ப்பிள்ளை.

அந்த வாலை வெட்டிவிட்டு 'ஈ பெய் ச்சா' என்றால் 'ஒரு டம்ளர் டீ'. டம்ளர் அங்கே அளவாகிவிடுகிறது, நாம் சொல்கிற அதே வரிசையில். இங்கிலீஷ் மாதிரி நடுவில் எதையும் செருகத் தேவையில்லை. உலகக் கோப்பைக்கும் 'பெய்'தான் போடுகிறார்கள்.

இப்படி அவர்கள் பேரைப் படித்துவிட்டு நம் பேரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. டம்ளர் இங்கிலீஷ். கிளாஸ் இங்கிலீஷ். கோப்பை போர்த்துக்கீசியம். லோட்டா வடக்கே இருந்து வந்தது. பீங்கான் பாரசீகம். இவ்வளவு டீ குடிக்கிற நாம் குடிக்கிற பாத்திரத்துக்கு ஊர் ஊராய்ப் பேர் கடன் வாங்கியிருக்கிறோம். குவளை இருக்கிறது, ஆனால் அதை டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் பட்டிமன்றப் பேச்சாளரைப் பார்ப்பது போல் பார்ப்பார்.

பீங்கான் என்றதும் விருத்தாசலம். எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே தோண்டியெடுக்கும் களிமண்ணை வைத்து அங்கே ஒரு பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுக்கத் தனிப் படிப்பும் இருக்கிறது. பீங்கானுக்குரிய வெள்ளை மண்ணுக்குக் 'கயோலின்' என்று பேர். அது சீனாவில் ஜிங்தெஜென் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள காவ்லிங் என்ற இடத்தின் பேர். அப்படியே தெற்கே திரும்பிக் காட்டுமன்னார்கோயில் தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சோழர்கள் 1015-லேயே சீனாவுக்குத் தூது அனுப்பியவர்கள். 1077-ல் 72 பேர் போனார்கள், கொண்டுபோன பொருட்களில் கண்ணாடிச் சாமான்களும் இருந்தன, பதிலுக்கு 81,800 கோவைச் செப்புக்காசு கிடைத்தது என்று சீனக் குறிப்பு சொல்கிறது. நாம் கண்ணாடி கொடுத்திருக்கிறோம், அவர்கள் பீங்கான் கொடுத்திருக்கிறார்கள். பேரை மட்டும் இருவரும் மாற்றிக்கொள்ளவே இல்லை!

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் மாட்டியது தாத்தா. கரும்பு வெட்டியே காலம் போனவர், எண்பதை நெருங்குகிறார்.

"தாத்தா, சீனாவுல கிளாசுக்கு என்னா பேரு தெரியுமா? பெய்ட்ஸ."

ஒரே தடவையில் சொன்னார். அதுவும் சரியான சுரத்தில். ஆப்பில் நான் முக்கால் மணி நேரம் கத்தியது அவருக்கு எப்படி வந்தது என்றால், வயலில் அந்தக் கரையில் நிற்கும் ஆளை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். மேலே தூக்கினால் அங்கேயே நிற்கும்.

அப்புறம் கேட்டார், "ஏ பாப்பா, கடைக்குள்ள இருக்கறதுக்கும் அதே பேருதானா?"

"அதேதான் தாத்தா."

"வெளியில மாட்டி வெச்சிருக்கறதுக்கு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்த பிறகு பேச வரவில்லை.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சி. பிறகு தனி கிளாஸ் வந்தது. அது கடைக்கு வெளியே தட்டியில் சொருகியிருக்கும். நாமே எடுக்க வேண்டும், நாமே கழுவ வேண்டும், கீழே வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து தொடாமல் ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடி கழுவிச் சொருக வேண்டும். காசு மட்டும் ஒரே காசு. அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, மாட்டுக்கு லாடம் அடிப்பது எப்படி என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். அந்தக் கடை இப்போது இல்லை.

தனக்குத் தெரிந்த உலகத்தை வைத்து அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டு பொருள் என்றால் இரண்டு பேர் இருக்க வேண்டும்தானே. நான் போய் அகராதியைப் புரட்டினேன். டீ டம்ளருக்கு ச்சாபெய், கண்ணாடிக்குப் போலிபெய், காகிதக் கப்புக்கு ஜிபெய், சாராயத்துக்கு ஜியோவ்பெய். பொருளை வைத்து, குடிப்பதை வைத்துத்தான் பேர். அவர் கேட்டதற்குப் பேர் இல்லை. சீனாவில் எல்லாரும் சமம் என்று சொல்ல நான் வரவில்லை. 1958-லிருந்து கிராமத்தான், நகரத்தான் என்று பிறப்போடு பதிந்து பிரித்து வைத்த 'ஹுகோவ்' அங்கே இருக்கிறது. ஆனால் டம்ளரில் அதைக் கொண்டுவரவில்லை.

நம் சட்டத்தில் இந்த டம்ளர் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. அதன் 4-வது பிரிவில், ஓட்டலில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த ஒருவரைத் தீண்டாமையால் தடுத்தால் குற்றம் என்று பாத்திரத்தைத் தனியாகச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இந்தியா முழுக்கத் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று பார்க்க 1965-ல் மத்திய அரசு போட்ட குழுவுக்குத் தலைவர் எல். இளையபெருமாள். 1969-ல் அறிக்கை கொடுத்தார். அவர் ஊர் காட்டுமன்னார்கோயில். நான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கேட்டதே இல்லை. பதினொன்றாவது வரைக்கும் நெப்போலியனைப் பற்றி மூன்று தடவை படித்திருக்கிறேன்.

2019 ஜனவரி 1-லிருந்து பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தமிழ்நாட்டில் தடை. என்றாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கப்பு தாராளமாகக் கிடைக்கிறது. நான் போகிற கடைகளில் எல்லாருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ். ஆனால் தாத்தா கேட்டு வாங்குவது காகிதக் கப்பு. கிளாஸில் கொடுத்தால் குடித்து முடித்ததும் கை தானாகத் தண்ணீர் வாளியைத் தேடுகிறது என்பார்.

வீட்டில் இப்போது "பாப்பா, பெய்ட்ஸ எடுத்தா" என்றுதான் டீ கேட்கிறார். ஆயாவுக்கு இது பிடிக்கவில்லை. "என்னாத்துக்கு விளக்கு வெக்கிற நேரத்துல பேயி பேயின்னுகிட்டு" என்று முதலில் சத்தம் போட்டது. ரெண்டு நாள் கழித்து மெதுவாக என்னிடம் வந்து, "தட்டுக்கு என்னா பேரு?" என்றது.

முதல் நிலைப் பட்டியலில் தட்டு இல்லை. தேடிப் பிடித்தேன்: பன்ட்ஸ. இது கேள்வி கேட்கிற மாதிரி கீழிருந்து மேலே ஏறும் சுரம். அதோடு இந்தப் ப நம்ம ப இல்லை, காற்று ஊதிச் சொல்லும் ப. உள்ளங்கையில் காற்று அடிக்க வேண்டும் ஆயா, நல்லா ஊது என்றேன். வாயில் வெற்றிலை இருந்ததை நான் கவனித்திருக்கலாம். நோட்டில் தட்டு இருக்கும் பக்கம் பூரா சிவப்பு.