டக்கும் கிர்ரும்

முற்றாகப் பழுதான வண்டியைச் செப்பனிடுவது எளிது. எப்போதாவது மட்டும் பழுதாகிற வண்டிதான் மனிதரைச் சோதிக்கிறது. ஓடாத வண்டி தன் நோயை மறைப்பதில்லை. இதுவோ நமக்கு அவசரமான வேளையில் அசையாமல் கிடந்துவிட்டு, மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடவாததுபோல் உறுமி எழும். அவர் நம்மைப் பார்ப்பார். நாம் வண்டியைப் பார்ப்போம். நம் சொல்லுக்குச் சாட்சி இல்லாமற்போகும் அந்தக் கணம், பழுதைவிடச் சங்கடமானது.

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெருவில், உடன்பிறந்தோர் நாங்கள் இருவர் பொறுப்பேற்றிருக்கும் 1986ஆம் ஆண்டு அம்பாசிடரைப் பற்றித்தான் சொல்கிறோம். பெரியப்பா வாங்கிய வண்டி. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். இவ்வூர் வழக்கில் ‘சொல்தா’. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில் இப்படிச் சில சொற்கள் இன்னும் புழங்குகின்றன. பெட்ரோல் கணக்கு எழுதும் குறிப்பேட்டை அவர் கடைசிவரை ‘கார்னே’ என்றே அழைத்தார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1958 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி அம்பாசிடர். எங்களுடையதில் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கணினி இல்லை, சென்சார் இல்லை. பழுதை எழுத்தில் காட்டும் கருவி எதையும் இதில் மாட்டிப் பார்க்க முடியாது. காதும் கையும்தான் கருவிகள்.

வண்டி எங்களிடம் வந்தபோது கூடவே ஒரு வாக்கியமும் வந்தது: “சில நேரம் ஸ்டார்ட் ஆகாது.” அந்தச் சில நேரங்களுள் ஒன்று, ஓர் ஐப்பசி மழையிரவு இரண்டு மணி. எழுபத்தொன்பது வயதுப் பெரியம்மாவுக்கு மூச்சு முட்டியது. வண்டி அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் ஆட்டோ அழைத்துவந்ததால் பிழைத்தார். அதற்குப் பின் அவர் அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டார். உறவினர்கள் இரும்புக்கடைக்கு வழி சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆக உயர்ந்தது.

எங்கள் கைக்கு வருமுன்பே வெவ்வேறு பட்டறைகளில் புது பேட்டரி போட்டிருந்தார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்த்திருந்தார்கள், ப்ளக்குகளையும் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஓடியது. ஒவ்வொரு முறையும் குணமாகிவிட்டதென்றே எல்லோரும் நம்பினார்கள். விட்டுவிட்டு வரும் பழுதின் பெரிய தந்திரம் இது: தற்செயலாகக் கிடைத்த ஓய்வை, கடைசியாகக் கைவைத்த பொருளின் கணக்கில் எழுதிவிடும்.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு முதிய எலக்ட்ரீஷியன். வந்தவர் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, சாவியத் திருப்புனா என்ன சத்தம் வருது? டக்குன்னு ஒண்ணா, கிர்ருன்னு சுத்துதா?” இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இக்கேள்வியின் அருமை புரியும். ‘ஸ்டார்ட் ஆகாது’ என்பது எங்கள் கவலையின் பெயர், பழுதின் பெயரன்று. டக் என்று ஒலித்து அடங்கினால், செல்ஃபுக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை. கிர்ர் என்று சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால், தீப்பொறியோ பெட்ரோலோ இல்லை. இரண்டும் வேறு வேறு வழக்குகள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் அடைத்துவைத்தால் எந்த மருந்தும் பாதி நாள்தான் வேலை செய்யும்.

பெரியப்பாவின் கார்னேயில் மீதமிருந்த தாள்களில் கட்டம் போட்டோம்: நாள், நேரம், வானிலை, எஞ்சின் சூடா குளிரா, கடைசியாக எவ்வளவு தூரம் ஓடியது, என்ன சத்தம். பொருள் எதையும் மாற்றுவதில்லை என்று உறுதி எடுத்தோம். ஆறு வாரங்களில் பதினோரு பதிவுகள் சேர்ந்தன. ஏழு டக், நான்கு கிர்ர். டக் எல்லாமே ஈரக்காற்று வீசிய இரவுகளிலும், வண்டி இரண்டு நாள் சும்மா நின்ற பின் வந்த காலைகளிலும் நிகழ்ந்தவை. கிர்ர் நான்கும் நாகூர், தரங்கம்பாடி என்று ஓடிவந்து, கால்மணி நேரம் நிறுத்தி மறுபடி எடுக்கையில் நிகழ்ந்தவை. தாறுமாறாகத் தோன்றியதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. மனித நினைவு அதைக் கண்டிருக்காது. நினைவுக்கு அந்த மழையிரவு ஒன்றுதான் பெரிது.

முதலில் டக். ஹாரன் அலறுகிறது, விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆகவே பேட்டரியும் ஒயர்களும் நலம் என்று நினைக்கத் தோன்றும். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாரோ சுமார் 200 ஆம்பியர் கேட்கும். பாதையில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். எலக்ட்ரீஷியன் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது 2.3 காட்டியது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. உடலோடு அதை மின்வழி இணைப்பது ஒரு பின்னல் எர்த் பட்டை மட்டுமே. கழற்றினால், உள்ளே பச்சைக் களிம்பு. கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் முப்பத்தைந்தாண்டுக்கு மேலான வயதும் சேர்ந்து செய்த வேலை. முன்பே ஓர் அடையாளம் இருந்ததாம்: பட்டை தொடர்பிழந்தால் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும், கேபிள் சுடும். தொட்டுப் பார்த்தோம், சுட்டது. புதிய பட்டை சில நூறு ரூபாய். இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, முறுக்கியபின் வாசலின் தடவினோம்.

அடுத்து கிர்ர். சூட்டில் பிடிக்கவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது, குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்பதுதான். பம்பின்மேல் ஈரத்துணி போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின்மேலும் பழி விழுகிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாதென்பது உண்மைதான். ஆனால் எங்கள் வழக்கில் அது குற்றவாளி அன்று. நின்ற இடத்திலேயே ஒரு ப்ளக்கைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் எஞ்சின் இரும்போடு பிடித்துச் சுழற்றியபோது பொறி மெலிந்து மஞ்சளாக வந்தது. நல்ல பொறி நீலமாகச் சொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் கருகியிருந்தது. பாயிண்டோடு இணைந்த கண்டென்சர், சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கொண்ட விரற்கடைப் பொருள், சூடேறினால் மயங்கியும் ஆறினால் தெளிந்தும் வந்திருக்கிறது. நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியிலிருந்தே கிளிப்பால் இணைத்ததும் அதே சூட்டில் எஞ்சின் பிடித்தது. மாற்றுவதற்கு முன்பே நிரூபணம் கிடைத்துவிட்டது.

இனிதான் கடினமான கேள்வி: குணமாகிவிட்டதென்று எப்போது சொல்லலாம்? சராசரியாகப் பத்து நாளுக்கொருமுறை தற்செயலாய் வரும் பழுது, நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பத்து நாள் வராமலிருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பு உண்டு. முப்பது நாள் வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஐந்துதான். முந்தைய பட்டறைகளின் ஒரு வார வெற்றிகள் ஏன் பொருளற்றவை என்பது இந்தக் கணக்கில் விளங்கும். ஆகவே ஈரக்காலைகளிலும், ஓடிக் களைத்த நண்பகல்களிலும் வேண்டுமென்றே சோதித்துத் தொண்ணூறு நாள் எழுதினோம். டக் இல்லை, கிர்ரும் இல்லை.

பெரியம்மா வண்டியைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். கணவரின் கையெழுத்தில் லிட்டர் கணக்குகள் முடிந்து எங்கள் கட்டங்கள் தொடங்கும் பக்கத்தில் சற்று நின்றார். பிறகு ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படித்தார். அடுத்த சனிக்கிழமை காலை திருநள்ளாற்றுக்கு எங்களோடு வந்தார். இரவுக்கு இன்னமும் ஆட்டோக்காரரின் எண்ணைத்தான் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். அதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. பகலை அவர் நம்பியது எழுதிவைத்த சான்றைக் கண்டுதான். இரவுக்கான சான்று இன்னும் சேரவேண்டும். கார்னேயில் இன்னும் பதினான்கு தாள்கள் இருக்கின்றன.