உய்யக்கொண்டானும் ஒலிம்பிக்கும்

திருச்சிராப்பள்ளிக்கு யாராவது விருந்தாளி வந்துவிட்டால், ஊர்க்காரர்களாகிய நாங்கள் அவரை இலேசில் விடுவதில்லை. நேரே மலைக்கோட்டைக்கு அழைத்துப் போய், மூச்சு இரைக்க இரைக்க நானூறு படிகளுக்கு மேல் ஏறச் செய்து, உச்சிப் பிள்ளையார் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்துவோம். "அதோ பாருங்கள் காவேரி! அதற்கு அப்பால் கொள்ளிடம்! இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம்!" என்று, ஏதோ அந்த நதிகளை நாங்களே வெட்டிவிட்டது போல் பெருமையுடன் சொல்லுவோம். விருந்தாளியும் கால் வலியை மறந்து, "ஆகா!" என்பார்.

ஆனால் அதே மலைக்குத் தெற்கே, ஊரின் நடு வயிற்றிலே ஓடும் மூன்றாவது நீரோட்டம் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் யாருக்கும் காட்டுவது கிடையாது. அதன் பெயர் உய்யக்கொண்டான் வாய்க்கால். இருபது வருஷமாக இந்த ஊரில் சரித்திரப் பாடம் நடத்தி வரும் நானே, அதன் கரையோடு ஒரு நாளும் முழுவதும் போய்ப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தைப் போக்கிக்கொள்ளச் சந்தர்ப்பம் அளித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்.

"ஸார், திருவெறும்பூருக்கு அப்பால் எலந்தப்பட்டியில் 150 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒலிம்பிக் அகாடமி கட்டுகிறார்களாமே? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று கேட்டார்.

"வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. தஞ்சாவூர் ரஸ்தா வழியாகப் போகக் கூடாது. உய்யக்கொண்டான் கரையோடுதான் போக வேண்டும்" என்றேன்.

"ஸ்கூட்டர் போகிற வரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார் டிரில் மாஸ்டர்.

பிரயாணத்தை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபப் படித்துறையில் ஆரம்பித்தோம். எனக்கு அது சாதாரண இடம் அல்ல. ஒன்பதாவது வயதில் என் மாமா என்னை அந்தப் படியிலிருந்துதான் தண்ணீரில் தள்ளிவிட்டார். நான் கையையும் காலையும் உதைத்துக் கூச்சலிட்டபோது, "பதறாதேடா! ஆறு உன்னைத் தூக்கும். நீதான் அதோடு சண்டை போடுகிறாய்!" என்றார். அன்று கற்ற நீச்சலை இன்றும் நான் மறக்கவில்லை.

ஆனால் போன மாதம் என் வகுப்பில், "உங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?" என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். இரண்டு நதிகளுக்கு இடையில் பிறந்த பிள்ளைகள்! பெற்றோர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத ஆற்றில் எந்தத் தாயார் பிள்ளையை இறங்க விடுவாள்? இந்த ஐந்து கைகளின் கணக்கு அன்று முழுவதும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

காவேரிப் பாலத்தைக் கடந்து, புத்தூர்ப் பக்கம் போய் வாய்க்காலைப் பிடித்தோம். இதன் பூர்வோத்தரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவேரியின் தென்கரையிலிருந்து பிரிகிறது உய்யக்கொண்டான். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி, 32,000 ஏக்கருக்கு மேல் பாசனம் அளிப்பது. முதலாம் இராஜராஜ சோழனுக்கு 'உய்யக்கொண்டான்' என்ற விருதுப் பெயர் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன் அவன் காலத்தில் வெட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி.

புத்தூரில் ஒரு வேடிக்கை நடக்கிறது. தெற்கேயுள்ள மேட்டுப் பூமியிலிருந்து மழைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு கோரையாறு இங்கே வந்து வாய்க்காலில் விழுகிறது. ஐப்பசி கார்த்திகையில் அது கொண்டு வரும் வெள்ளம் முழுவதையும் வாய்க்கால் தாங்குமா? தாங்காது. ஆகையால் மிகுதி நீர் கலிங்கின் மேல் வழிந்து, குடமுருட்டி ஆற்றில் இறங்கி, காவேரியில் சேருவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். "உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்துக்கு வழி விடு" என்பதே இதிலுள்ள தத்துவம். 1977-ம் வருஷம் நவம்பரில் கோரையாறும் அரியாறும் ஒருங்கே பெருகி, ஊரின் மேற்குப் பகுதியை மூழ்கடித்த கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். தண்ணீருக்கு மனிதன் வழி விடாவிட்டால் தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும்.

கலெக்டர் கச்சேரி அருகில் வாய்க்காலுக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் உத்தியோகஸ்தர்கள் வியர்க்க விறுவிறுக்க நடக்கிறார்கள். பாலக்கரையை நெருங்க நெருங்க மரியாதை குறைகிறது, வாடை அதிகரிக்கிறது. இரு பக்கத்து வீடுகளும் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு முதுகிலிருந்தும் ஒரு குழாய்!

வரகனேரியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும்.

"தம்பி, நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் படியில்தான் குளிப்போம். எங்கள் அம்மா ஆடிப்பெருக்குக்குக் காவேரிக்குக்கூடப் போனதில்லை. இங்கேயே மஞ்சள் கயிறு கட்டி, விளக்கு விடுவாள். இப்போது இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே பதினைந்து வருஷம் ஆகிறது" என்றார்.

வரகனேரி என்றதும் தேச பக்தர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரவேண்டும். இந்த ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கிய வ.வே.சு. ஐயர், தேகபலமும் தேசபலமும் ஒன்று என்று நம்பியவர். 1925-ம் வருஷம் பாபநாசத்தில் அருவி நீரில் விழுந்த தம் அருமை மகளைக் காப்பாற்றப் போய், தாமும் உயிர் நீத்தார். குளத்தங்கரை அரசமரத்தைப் பேச வைத்துக் கதை எழுதியவர் அவர். இந்த வாய்க்காலுக்கும் வாய் இருந்தால் என்னென்ன பேசுமோ என்று எண்ணிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

அரியமங்கலம் தாண்டித் திருவெறும்பூர் வந்ததும் காட்சி மாறிற்று. எறும்பீசுவரர் குன்றைக் கடந்து கிழக்கே போகப் போக, வயல்களும் நாரைகளும் தென்பட்டன. கடைசியில் இந்த வாய்க்கால் போய்ச் சேரும் ஏரியின் ஊர்ப் பெயர் என்ன தெரியுமா? வாழவந்தான்கோட்டை! உய்வதற்கென்று புறப்பட்டு, வாழ்வதற்கென்று போய்ச் சேருகிறது. நம் முன்னோர்கள் பெயர் வைத்தால் வைத்ததுதான்!

அங்கிருந்து தெற்கே திரும்பி மேடு ஏறினோம். இனிமேல் காவேரியின் ராஜ்யம் இல்லை. பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையும் நம்பிய நிலம். பக்கத்தில்தான் பெரிய சூரியூர். பொங்கலையொட்டி நடக்கும் அதன் ஜல்லிக்கட்டு ஜில்லா முழுதும் பிரசித்தம். பத்து வருஷத்துக்கு முன், குளிர்பான ஆலை ஒன்று தங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று போராட்டம் நடத்தியவர்களும் இந்த ஊர்க்காரர்களே. காளையோடு மல்லுக்கு நிற்பவர்கள் தண்ணீருக்காகவும் மல்லுக்கு நின்றார்கள்.

எலந்தப்பட்டியில் மண்ணை நிரவிய பொட்டலைக் கண்டதும் டிரில் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "இங்கே ஓட்டப் பாதை! அங்கே நீச்சல் குளம்!" என்று கையை வீசி வீசிக் காட்டினார். "2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும் நம் ஜில்லாக்காரர்கள், ஸார்! அந்தப் பந்தயத்துக்குப் போன குழுவிலிருந்த தனலட்சுமி, இதோ இந்தக் குண்டூர்ப் பெண். கட்டாந்தரையில் ஓடிப் பழகியவர்களே அவ்வளவு தூரம் போனார்களென்றால், நல்ல மைதானம் இருந்தால் எவ்வளவு தூரம் போவார்கள்!"

அவருடைய ஆவேசம் நியாயமானது. எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்றவர், மெள்ளச் சொன்னார்:

"மைதானம் வரட்டும், சாமி. எங்கள் பிள்ளைகளும் ஓடட்டும். மேட்டில் பெய்கிற மழை இப்படித்தான் ஓடிப் போய் ஏரியில் விழும். அந்த ஓட்டத்தை மறிக்காமல் இருந்தால் போதும்."

ஒரு கலாசாலைப் பட்டமும் இல்லாத அந்த அம்மாள் சொன்னதைப் பெரிய தேசங்களெல்லாம் செலவு செய்து கற்றிருக்கின்றன. 2012-ல் லண்டனில் ஒலிம்பிக் நடந்த இடம், லீ நதியின் கிளைகளும் பழைய கால்வாய்களும் பின்னிக் கிடந்து பாழான பூமி. அவற்றைத் தூர்வாரி, 2009-ல் புதிய மதகு ஒன்று கட்டி, படகுகள் வருவதற்கு வழி செய்தார்கள். ஆனால் அங்கே தலைமுறையாகக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தவர்கள் 2007-ல் வெளியேற நேர்ந்ததையும் மறப்பதற்கில்லை. டில்லியிலோ 2010-ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டு வீரர்கள் தங்க, யமுனையின் வெள்ளப் படுகையிலேயே கட்டடம் எழுப்பினார்கள். விளையாட்டு ஆரம்பிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், யமுனை பெருகி வந்து வாசலை எட்டிப் பார்த்தது! நம் சென்னையில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் ஓர் ஏரி இருந்த இடத்திலேதான்.

மைதானம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டப் பாதையை அளப்பதற்கு முன் தண்ணீரின் பாதையை அளந்துகொள்ள வேண்டும் என்கிறேன். மேட்டு நீர் ஏரிக்குப் போகும் ஓடைகளை வரைபடத்தில் குறித்து, அவற்றைத் திறந்து விட வேண்டும். கூரைகளில் விழும் மழை அந்த ஏரிக்கே போக வேண்டும். அங்கே வரப்போகும் நீச்சல் குளத்தில், பதக்கம் வாங்கப் போகும் பத்துப் பேரோடு, சுற்று வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாளாவது இறங்க வேண்டும். கோடிக் கணக்கில் புதுக் குளம் கட்டும் ஊர், ஆயிரம் வருஷத்து வாய்க்காலில் விழும் குழாய்களை அடைக்கவும் மனம் வைக்க வேண்டும்.

திரும்பும்போது டிரில் மாஸ்டர் வெகு நேரம் பேசவில்லை. காவேரிப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினார். கீழே நதியில் மலைக்கோட்டை விளக்குகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஸார், உங்கள் வகுப்பில் ஐந்து பேருக்குத்தானே நீந்தத் தெரியும்? அண்ணா விளையாட்டு அரங்கத்தில் ஏற்கெனவே நீச்சல் குளம் இருக்கிறதே! எலந்தப்பட்டிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? பெற்றோரிடம் கடிதம் வாங்குங்கள். அனுமதிக்கு நான் அலைகிறேன்" என்றார்.

"பேஷ்! நீங்களே கற்றுக் கொடுக்கலாமே?" என்றேன்.

அவர் சுற்று முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில் சொல்லாதீர்கள். எனக்கும் நீந்தத் தெரியாது. முதல் மாணவனாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."