பெட்டியில் ஏறிய படகுக்கு யார் பொறுப்பு?



வரிப்பத்தான்சேனையில் கடல் இல்லை. எங்களுக்கு வயலும் இறக்காமக் குளமும்தான். ஆனாலும் எங்கள் வீதிகளில் படகு போகும். குளத்துக்குப் போகிற சின்னத் தோணி லேண்ட்மாஸ்டர் பெட்டியில் போகும். நிந்தவூர், ஒலுவில் பக்கத்து ஃபைபர் படகு உழவு இயந்திரப் பெட்டியில் கட்டப்பட்டு, முனை வெளியே நீட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அந்தப் படகு கடலிலும் இல்லை, கரையிலும் இல்லை. அதற்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டால், ஒருவரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

காரணம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன். அவனுடைய வாப்பா கடலோர ஊர்க்காரர், எங்கள் ஊரில் கலியாணம் முடித்து வந்தவர். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தொழில் கடலில், வீடு வயலில். மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்தால் படகை வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து அடி பார்த்து, பெயின்ட் அடித்து, பிறகு கொண்டுபோவார். முன்பு கரையிலேயே இழுத்து வைத்துவிடலாம். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறந்த பிறகு துறைமுக வாயை மண் மூடியதும், ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. படகு இழுத்து வைக்கிற இடமும் அதோடு சுருங்கிப் போனது.

அப்படிக் கொண்டுவரும்போது பெட்டியின் ஒரு சில்லு பெயாரிங் இறுகிக் கழன்றுவிட்டது. பெட்டி சரிந்தது, கயிறு அறுந்தது, படகு மதகுக் கட்டில் மோதி அடிப்பக்கம் பிளந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் கடதாசிகளை எடுத்துப் பார்த்தார்கள். உழவு இயந்திரத்துக்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. சட்டப்படி கட்டாயமானது அதுதான். ஆனால் அது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் தீங்குக்கு உரியது. பெட்டியில் ஏற்றிய பொருளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. படகுக்கு எடுத்திருந்த பத்திரம் படகு தண்ணீரில் இருக்கும்போது மட்டும் செல்லும் என்றது. சங்கத்து உதவியோ கடலில் போனால்தான். ஆக மூன்று கடதாசி, மூன்றுக்கும் நடுவில் ஒரு மதகு. பிள்ளை மூன்று கிழமை பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தால் வாப்பாவோடு செங்கல் வாடியில் நிற்கிறான். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை.

மற்ற நாடுகளில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது. அங்கே 1980களின் தொடக்கம் வரை, நடுவழியில் நின்ற உல்லாசப் படகைக் கரையோரக் காவல் படையே இலவசமாக இழுத்து வந்து விடும். பிறகு, உயிராபத்து இல்லாத இழுவையைத் தனியார் பார்க்கட்டும் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் 1983 இல் 'சீ டோ' என்ற நிறுவனம் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கியது. 'போட் யூஎஸ்' என்ற படகுக்காரர் சங்கமும் இதே சேவையைத் தருகிறது. வருடத்துக்கு ஒரு தொகை கட்டி அங்கத்தவராக வேண்டும். படகு நின்றால் அழைக்கலாம், வந்து இழுத்துப் போவார்கள்.

எங்களுக்குப் பிடித்த விடயம், அந்த அங்கத்துவம் படகைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவல் வாங்கிய படகில் போனாலும் அட்டை செல்லும். ஆனால் அது பொழுதுபோக்குப் படகுக்கு. தொழில் படகுக்கு வேறு நிபந்தனை.

வண்டியில் ஏற்றிய படகுக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. தண்ணீரில் இழுப்பதாகச் சொன்ன அட்டை வீதியில் இழுப்பதாகச் சொல்லவில்லை. அதற்குத் தனிப் பிரிவு உண்டு, தனிப் பணம் உண்டு. டயர் வெடித்தாலும், பெயாரிங் போனாலும், முன்னால் இழுக்கிற வாகனமே நின்றாலும், வாகனத்தையும் படகு ஏற்றிய பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோவதுதான் அந்தப் பிரிவு. அது இல்லாமல் சாதாரண கார் உதவிச் சங்கத்தை மட்டும் நம்பியிருந்தால், காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் படகை வீதியோரத்தில் விட்டுவிடுவதும் நடக்கும்.

இன்னொரு சிக்கல் படகு இறக்குகிற சரிவில். பெட்டியின் பாதி தண்ணீரில், வாகனம் தரையில். அங்கே சேறில் புதைந்தால் கடல்காரர் வருவதா, வீதிக்காரர் வருவதா? பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் தெரியும். எங்கள் குளக்கட்டில் இதே காட்சியை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். இங்கே பத்திரம் இல்லை, பத்துப் பேர் இறங்கித் தள்ளுவார்கள், அவ்வளவுதான்.

மணல் திட்டில் லேசாகத் தட்டி நின்ற படகை இழுப்பது அந்த அங்கத்துவத்துக்குள் வரும். பாறையில் ஏறி, தண்ணீர் புகுந்து, மூழ்கப் போகிற படகைக் காப்பாற்றினால் அது இழுவை இல்லை, மீட்பு. மீட்புக்குக் கூலி கணக்கே வேறு. கடல் சட்டத்தில், 1989 லண்டன் மீட்பு உடன்படிக்கையிலும், காப்பாற்றிய பொருளின் பெறுமதியைப் பார்த்துத்தான் வெகுமதி. காப்பாற்ற முடியாவிட்டால் பொதுவாகக் கூலி இல்லை. உயிரைக் காப்பாற்றியதற்காக மட்டும் காப்பாற்றப்பட்டவரிடம் பணம் கேட்க முடியாது. அந்த ஒரு விதி எங்கள் மனதுக்கு நிறைவாக இருந்தது.

நம் கடலில் இந்த அட்டை எதுவும் இல்லை. இயந்திரம் பழுதாகி நடுக்கடலில் அலைந்த கல்முனை, சாய்ந்தமருதுப் படகுகளின் செய்தி நமக்குப் புதிதல்ல. கண்ட படகு கயிறு போட்டு இழுத்து வரும், எண்ணெய்க் காசைப் பிறகு பேசிக்கொள்வார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் அந்த வழக்கம் கரையோடு நின்றுவிடுகிறது. வீதியில் நிற்கிற படகைப் பார்த்து ஒருவரும் கயிறு போடுவதில்லை, ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

முன்கூட்டியே காசு கட்டி, நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்கு உதவி வாங்குவது ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் ஃபத்வா சொல்கிறவர்கள் இல்லை, உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியைத் தடுத்தபோதே, ஒருவருக்கொருவர் நன்கொடை அடிப்படையில் செய்கிற கூட்டுறவுக் காப்புறுதிக்கு வழி காட்டியது. அதற்கு முன்பே 1979 இல் சூடானில் அந்த வகை நிறுவனம் வந்துவிட்டது. நம் நாட்டில் அமானா தகாஃபுல் 1999 இல் தொடங்கியது. தகாஃபுல் என்ற சொல்லின் பொருளே ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்பதுதான்.

ஒரு சங்கத்தில் நாற்பது படகு என்று வைப்போம். மாதம் படகுக்கு 500 ரூபாய் நன்கொடை என்றால் மாதம் 20,000, வருடத்துக்கு 2,40,000. பெரிய காசு இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் இரண்டு மூன்று இழுவைக் கூலிக்கும், பிளந்த அடிக்கு ஃபைபர் ஒட்டுகிற செலவில் ஒரு பங்குக்கும் ஆகும். அந்த ஒப்பந்தத்தில், படகு வீட்டு வளவை விட்டுக் கிளம்பியதில் இருந்து திரும்பி வரும் வரை என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாததால்தான் எங்கள் பிள்ளை செங்கல் வாடிக்குப் போனான்.

படகு ஏற்றுகிற தம்பிமாருக்கு ஒன்று. உப்புத் தண்ணீரில் பெட்டியை இறக்கி ஏற்றினால் பெயாரிங்குக்குள் தண்ணீர் போகும். ஓடிவந்த சூட்டோடு இறக்கினால், சூடான சில்லுக் குடம் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் கிறீஸ் மாற்றுங்கள். கயிறு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், முன்னும் பின்னும் பட்டி போடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இரவில் அம்பாறை வீதியில் போகாதீர்கள். வீதியில் யானை நிற்கும், அது தெரியாமல் திடீரென்று பிறேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் படகு முனையில்தான் வந்து முட்டுவார்.

பிள்ளை போன கிழமை வகுப்புக்கு வந்துவிட்டான். படகு இன்னும் வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சரிபார்க்கக் கூலி இல்லாமல் உதவக்கூடிய ஃபைபர் வேலைக்காரர் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், இன்பொக்ஸில் வாருங்கள்.