திருப்பிப் போட்ட சக்கரம்

1978 தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த ஜப்பான் 'இயந்திர மனிதன்' பொம்மை இன்னும் என்னிடம் இருக்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது.

அண்மையில் பேட்டரி போட்டேன். மோட்டார் உறுமியது, கால்கள் அசையவில்லை. திருகாணிகளைக் கழற்றினேன். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து மணலாய் அராவியதில், நைலான் பற்சக்கரம் ஒன்று தேய்ந்திருந்தது.

"இனி குப்பைக்குத்தான், அப்பா" என்றேன்.

கண் மங்கிய அப்பா சக்கரத்தை விரலால் தடவினார். "ஏம்ப்பா, பல்லு ஒரு பக்கந்தானே தேஞ்சிருக்கு? மரத்துல ஒரு பக்கப் பட்டை தீர்ந்தா மறுபக்கம் வெட்ட மாட்டோமா? திருப்பிப் போடு" என்றார்.

உண்மைதான்! ஒரே திசையில் சுழலும் சக்கரத்தில் பல்லின் ஒரு முகமே அதிகம் தேயும். இருபுறமும் ஒன்றுபோல் உள்ள சக்கரமானால் திருப்பி மாட்டலாம். பல் முறிந்திருந்தால் பயனில்லை. பழைய கிரீஸைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புதியதைச் சிறிதளவு தடவினேன்.

பொம்மை நடந்தது. அப்பாவும் எழுந்து அதன் பின்னே இரண்டடி வைத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால், எறியும் முன் வீட்டுப் பெரியவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்களேன்!