தூண்டிலில் பறவை மாட்டினால்

ஆக்லாந்து

அன்புத் தம்பிக்கு,

டிசம்பரில் வரும்போது படகில் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாய், முங்கவும் வேண்டும் என்கிறாய். கட்டாயம் போவோம். அதற்கு முன் இந்த ஹவுராக்கி வளைகுடாப் பறவைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். படகில் ஏறியபின் பேச நேரம் இருக்காது.

கேனட் என்று ஒன்று. உடம்பு வெள்ளை, தலை மஞ்சள், சிறகை விரித்தால் ஆள் நீளம். கஹவாய் மீன்கள் சாளைக் கூட்டத்தைக் கீழிருந்து மேலே விரட்டும்போது கேனட்டுகள் வந்து சூழ்ந்துவிடும். உயரத்திலிருந்து சிறகை மடக்கித் தலைகீழாக விழும். தண்ணீரில் மோதும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. அந்த அடியைத் தாங்க முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் இருக்கின்றன. வெளியே மூக்குத் துவாரமே கிடையாது. இதை நினைவில் வை, பின்னால் உதவும்.

மூச்சடக்கிக் கூட்டத்தின் ஓரத்தில் கிடந்து இதைக் கீழிருந்து பார்க்க வேண்டும். முதலில் சத்தம்தான், ‘தொம் தொம்’ என்று நெஞ்சிலேயே இடிக்கும். வெள்ளைக் குமிழிகள் கோடாக இறங்கும், அதன் நுனியில் பறவை. இறங்கின வேகம் தீர்ந்ததும் சிறகை அடித்து மீனைத் துரத்தும். ஒருமுறை கை எட்டும் தூரத்தில் ஒன்று மீனை விழுங்கிவிட்டு, வெளிர்ந்த கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனது. எனக்கு அன்று மீன் குத்தும் ஈட்டியைத் தொடவே மனம் வரவில்லை. நீயும் ஓரத்திலேயே இரு. நடுவில் போனால் உன் தலைமேல் விழும்.

ஷியர்வாட்டர் வேறு ரகம். முக்கால் கிலோ சொச்சம் எடையுள்ள கரும்பழுப்பு ஷியர்வாட்டருக்கு ஆழமானி கட்டிப் பார்த்ததில், 67 மீட்டர் வரை போயிருக்கிறது. அதனால்தான் தூண்டில் இரையை இறக்கிவிட்டோம், இனிப் பறவை வராது என்று நம்ப முடியாது. பெரிய ஈயம் கட்டிச் சட்டென்று இறக்கு. குடல், துண்டு மீன் எதையும் படகுக்கு வெளியே வீசாதே.

அப்படியும் மாட்டினால் தங்கூசியை வெட்டிவிடாதே. இங்கே சிலர் வெட்டிவிட்டு அடுத்த இரையைக் கோக்கிறார்கள். பார்க்க ஆத்திரமாக வருகிறது. கறுப்பு பெட்ரல் உலகத்திலேயே இந்த வளைகுடாவின் இரண்டு தீவுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது, வருஷத்துக்கு ஒரே முட்டை. காட்டுக்குள் வளை தோண்டி வாழும் பறவை. காலில் தங்கூசியோடு திரும்பினால் மரத்தில் சிக்கித் தொங்கியே செத்துப்போகும்.

மெதுவாக இழுத்துக் கைவலையில் எடு. தலையை டவலால் மூடினால் அடங்கிவிடும். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ முள்ளின் நுனியை வெளியே தள்ளி, குறட்டால் நறுக்கி, மிச்சத்தைப் பின்பக்கமாக உருவு. விழுங்கியிருந்தால் மட்டும் அலகை ஒட்டித் தங்கூசியை வெட்டு. கேனட் என்றால் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும், கண்ணாடி போட்டுக்கொள். அதன் அலகை மட்டும் இறுக்கி மூடாதே, வாயால்தான் மூச்சு விடுகிறது.

உன் மாஸ்க், கால் துடுப்பைக் கொண்டுவந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, வருகைப் படிவத்தில் எழுதிவிடு. ஈரமோ மண்ணோ இருந்தால் இங்கே நிறுத்திவைப்பார்கள். குளிருக்கான உடுப்பு என்னிடம் இருக்கிறது. உன் மார்பளவை மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்