ஊருக்கு வெளியே சொன்ன பொய்

என் படகு இஞ்சின் கெட்டது என் சோம்பலால். அதைத் தயாரிப்புக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாரண்டியில் புது இஞ்சின் வாங்கிக்கொண்டேன். ஊரில் இது பலருக்கும் தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை, சாமர்த்தியக்காரன் என்றார்கள். ஊர் தண்டிக்காத குற்றத்தை நானாவது குற்றம் என்று எழுதிவைக்க வேண்டும்.

நாங்கள் மீன்பிடிக்கும் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்த நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடியும் அங்கே கடலுக்குப் போகும் முகத்துவாரமும் எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போது இன்னும் குறையும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பைபர் படகுகளும் இஞ்சின்களும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. படகுக்குப் பின்னால் மாட்டும் இந்த இஞ்சின் குளிர்வதே அது ஓடுகிற தண்ணீரால்தான். அடியிலுள்ள இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். சூட்டை வாங்கிக்கொண்டு அது வெளியேறும். உறிஞ்சுவது உப்புத் தண்ணீர், ஆழமில்லாத இடத்தில் சேறும் மணலும் கலந்த உப்புத் தண்ணீர். கரைக்கு வந்ததும் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி, அதில் இஞ்சினை இறக்கிச் சற்று ஓடவிட வேண்டும். செய்யாமல் விட்டால் உள்ளே தண்ணீர் காய்ந்து, உப்பு படிந்து, வழி அடையும். விற்கிறவர்களும் சொல்வார்கள், வாரண்டி புத்தகத்திலும் இருக்கும்.

நான் செய்யவில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்தேன். பிறகு அதுவும் நின்றது. வலையைப் பிரித்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பதே பெரிதாக இருந்தது. நன்றாக ஓடும் இஞ்சினின் பின்னால் ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஒரு நாள் அது நூலாக மெலிந்ததைப் பார்த்தேன். இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முகத்துவாரத்துக்கு வெளியே பிஸ்டன் இறுகி, இஞ்சின் நின்றது. வேறொரு படகு எங்களைக் கட்டி இழுத்துவந்தது.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் சோம்பல். நான் காசிமேட்டுக்குப் போய்ப் புது இம்பெல்லர் வாங்கி மாட்டினேன். வெளியே தெரிந்த உப்பையெல்லாம் சுரண்டினேன். வெறுமையாகக் கிடந்த சர்வீஸ் புத்தகத்தை ஒரே மூச்சில், வெவ்வேறு பேனாக்களால் நிரப்பினேன். ‘முறையாகப் பராமரிக்கப்பட்டது’ என்று புகாரில் எழுதினேன். நாலு எழுத்து படித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். படிப்பை அதற்குப் பயன்படுத்தினேன்.

கடைக்காரர் கழுவினீர்களா என்று கேட்டபோது சிறிதும் கூசாமல் பதில் சொன்னேன்: “குடிக்கிற தண்ணியே காசு கொடுத்து வாங்கற ஊரு சார். அதுலயும் இஞ்சினக் கழுவியிருக்கோம்.” அவருக்கு மனசு இளகியது. குடிதண்ணீருக்கு எங்கள் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பது உண்மை. ஆனால் எங்கள் தெருமுனை அடிபம்பில், குடிக்க உதவாவிட்டாலும் இஞ்சின் கழுவும் அளவுக்கு நல்ல தண்ணீர் எப்போதும் வரும். ஊரின் கஷ்டத்தை எடுத்து என் சோம்பலுக்குப் போர்த்தினேன். மொத்தத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

இதே ஊர் உள்ளுக்குள் எவ்வளவு கறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களைப் பாடு முறையில் பங்கிட்டுக்கொள்கிறோம். இன்று எனக்குக் கிடைத்த இடம் நாளை இன்னொருவருக்கு. பணக்காரன், ஏழை கணக்கில்லை, முறைதான். முறை தவறி வலை போட்டால் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தித் தண்டம் வாங்குவார்கள். ஒருவன் பாட்டில் கைவைக்க எனக்குத் துணிவு வந்ததே இல்லை. கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே சொல்லும் பொய் யார் பாட்டையும் கெடுக்காது என்று நினைத்தேன்.

மறு வருடம், முறையில் எனக்கு மாமாவான ஒருவர் அதே கடையில் இஞ்சின் வாங்கினார். சூடேறினால் தீப்பொறி விட்டுவிட்டு வந்து, இஞ்சின் நின்றுபோகும். வாங்கிய நாளிலிருந்தே அப்படி. அவர் தினமும் இஞ்சினைக் கழுவுவதைத் தெருவே பார்த்திருக்கிறது. புகார் எழுதித் தரச்சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “கம்பெனிக்காரனையே மடக்குன ஆளு, நீ வந்தா நடக்கும் மாப்ள.”

நடக்கவில்லை. மாமா வெளியே நின்றிருந்த நேரத்தில் அங்கிருந்த மெக்கானிக் என்னிடம் சொன்னார்: “போன வருஷம் உங்க பக்கத்துக்கு ஒரு இஞ்சின் மாத்திக் கொடுத்தோம் சார். பழசப் பிரிச்சுப் பாத்தா உள்ள உப்பு கல்லா இருக்கு. அதுலேர்ந்து உங்க ஊரு பேப்பர யாரும் நம்பறதில்ல.” அந்த இஞ்சின் என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மாமாவின் தாளில் நான் எழுதியிருந்தது அதே ‘முறையாகப் பராமரிக்கப்பட்டது’தான். இந்த முறை அது உண்மை.

வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து, மற்றவர்கள் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது மாமாவின் படகு கரையில் கிடந்தது. அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சொந்த உழைப்பால் பிழைக்க வாங்கிய பொருளை அது வணிகக் கணக்கில் தள்ளுவதில்லை. படகு இஞ்சினுக்கும் மீனவர் கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டும். கோளாறா இல்லையா என்ற சண்டை வந்தால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை என் இஞ்சினைக் காட்டிக்கொடுத்திருக்கும், மாமாவின் இஞ்சினைக் காப்பாற்றும். மனுவை நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்னும் எழுதவில்லை. இஞ்சின் விலையைக் கேட்பார்களோ என்ற பயம். அதைவிட, அவர் புகார் எடுபடாதது என்னால்தான் என்று மாமாவிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். மனு எழுதிக்கொடுத்த அன்று சாயங்காலம் மாமா வீட்டிலிருந்து நண்டு கொடுத்தனுப்பினார்கள். வேண்டாமென்று திருப்பியிருக்கலாம். வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.